வயிற்றால் இறங்கிய விமானம், வழுக்கி விழுந்த பயணி: எது விபத்து?

வணக்கம் மக்களே. அரிசோனாவில் இன்றைக்குக் காற்று அதிகம், பறக்கவில்லை. விமானம் நிறுத்தும் ஹேங்கர் வாசலில் உட்கார்ந்து பேசுகிறேன்.

பின்னால் நிற்கிற விமானத்தைக் கிட்டே காட்டுகிறேன். பதிவெண்ணை மறைத்துவிட்டேன், தேட வேண்டாம். ப்ரொப்பெல்லர் நுனிகளைப் பாருங்கள், உரித்த வாழைப்பழத் தோல் மாதிரி சுருண்டிருக்கிறது. சக்கரத்தை இறக்க மறந்து வயிற்றாலேயே தரையிறங்கியிருக்கிறார்கள். ஓட்டியவருக்குக் கீறல்கூட இல்லை.

இதை யாரிடம் சொல்ல வேண்டும்? அமெரிக்காவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ.விடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, விபத்துகளை விசாரிக்கும் தனி அமைப்பான என்.டி.எஸ்.பி.யிடம். அவர்கள் விதிகளில் 830-ஆம் பகுதியைப் படித்தால் தலை சுற்றும். யாரும் இறக்காமல், பலத்த காயமும் இல்லாமல் இருந்தால், விபத்து என்று சொல்ல விமானத்துக்குக் கணிசமான சேதம் இருக்க வேண்டும். தரையில் பட்ட ப்ரொப்பெல்லர், டயர், பிரேக், இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஃபிளாப், இறக்கை நுனி, தகட்டில் விழுந்த ஒடுக்கு எதுவும் அதில் சேராது. ஒரே ஒரு எஞ்சின் மட்டும் பழுதானாலும் சேராது. ரிப்பேர் பில்லைப் பார்த்தால் மயக்கம் வரும், ஆனாலும் இது விபத்து இல்லாமல் போகலாம்!

இப்போது இன்னொன்று. பறந்து முடித்து, இறக்கை மேல் கால் வைத்து இறங்கும்போது பயணி வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார். விமானத்தில் ஒரு கீறல் இல்லை. எலும்பு முறிவு பலத்த காயம் என்பதால் இது விபத்து. பறக்கும் எண்ணத்தோடு முதல் ஆள் ஏறியதிலிருந்து கடைசி ஆள் இறங்கும்வரை கணக்கு. விரல், கால்விரல், மூக்கு இவற்றில் சாதாரண முறிவு என்றால் மட்டும் விலக்கு. யார் உட்கார்ந்து யோசித்தார்களோ.

விபத்து என்றால் உடனே போன் செய்ய வேண்டும். படிவத்துக்கு 10 நாள். நடுவானில் தீப்பிடித்தாலோ, இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டாலோ, யாருக்கும் அடிபடாவிட்டாலும் போன் கட்டாயம். அப்புறம், சிதைவுகளைத் தொடக் கூடாது. சிக்கியவர்களை மீட்க, மேலும் சேதமாகாமல் காக்க, பொதுமக்களுக்கு ஆபத்து வராமல் தடுக்க மட்டும் நகர்த்தலாம். தபால், சரக்குகூட அதே நிலையில் இருக்க வேண்டும்.

பறப்பதில் நடந்த தவறுகளை நாமே தெரிவிக்கிற நாசா படிவம் போட்டால் போதாதா என்று கமென்ட்டில் கேட்டிருந்தீர்கள். போதாது. அது வேறு திட்டம், தண்டனையிலிருந்து அது தரும் பாதுகாப்பும் விபத்துக்குக் கிடையாது.

சரி, இந்த விமானம்? உள்ளே சட்டகம் வளைந்திருந்தால் கதையே மாறிவிடும், அப்போது இதுவும் விபத்துதான். இதோ, மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டார். வயிற்றுத் தகட்டைக் கழற்றப் போகிறார், கேமராவை அங்கே திருப்புகிறேன்.