மாத்திரையும் சாப்பாடும்: அறுபதுக்குப் பிறகு கொலஸ்ட்ரால் கணக்கு

பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

அறுபதைத் தாண்டியவர்கள் லிப்பிட் ரிப்போர்ட்டை (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை முடிவை) நீட்டிக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மாத்திரை இல்லாமல் குறைக்க முடியுமா?" ஓரளவுக்கு முடியும். எவ்வளவு முடியும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அந்த அளவு உங்களுக்குப் போதுமா என்பது, இதயத்திலோ மூளையிலோ காலிலோ ரத்தக்குழாய் அடைப்பு ஏற்கெனவே வந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இன்று அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். மொத்த கொலஸ்ட்ரால் 246, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 42, ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 210. ரத்தக்குழாயில் படியும் கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லைப் பல லேப்களில் நேரடியாக அளப்பதில்லை. கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். ட்ரைகிளிசரைடை 5-ஆல் வகுத்தால் 42. மொத்தத்திலிருந்து அந்த 42-ஐயும் எச்.டி.எல். 42-ஐயும் கழித்தால் 162. அதுதான் எல்.டி.எல். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும்; அப்போது நேரடியாக அளக்கச் சொல்லுங்கள். இன்னொரு எண்ணையும் நீங்களே போட்டுக்கொள்ளலாம். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழியுங்கள்: 204. இது நான்-எச்.டி.எல். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ட்ரைகிளிசரைடு ஏறி எச்.டி.எல். இறங்கியிருப்பது சகஜம் என்பதால், இந்த எண் அவர்களுக்கு இன்னும் நம்பகமானது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இதற்கு இல்லை.

இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆபத்து குறைந்தவர்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழே, அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே, மாரடைப்பு போன்றவை வந்துபோன மிக அதிக ஆபத்துக்காரர்களுக்கு 55-க்குக் கீழே இருக்க வேண்டும். ஆக, 162 என்ற ஒரே எண் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பொருள், அடைப்புக்காக ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (கம்பிவலைக் குழாய்) வைத்த உங்களுக்கு வேறு பொருள். அவர் மாத்திரை போடவில்லையே என்று நீங்கள் நிறுத்திவிடக் கூடாது.

சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் போவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை: தைராய்டு. தைராய்டு மந்தமாகி டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் ஏறியிருந்தால் எல்.டி.எல்.லும் ஏறும். வயதான பெண்களிடம் இது அடிக்கடி அகப்படும். தைராய்டுக்கு மருந்து கொடுத்தாலே கொலஸ்ட்ரால் கணிசமாக இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. அதைப் பார்க்காமல், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைக் கொடுத்தால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடுதல். சிறுநீரில் புரதம் போகிறதா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

இனி சாப்பாடு. உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது. ஆகவே முட்டையைக் கண்டு பயப்படுவதைவிட, நிறைவுற்ற கொழுப்பை (நெய், வெண்ணெய் போல உறையும் கொழுப்பை) குறைப்பதில்தான் பலன் அதிகம். ரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லைக் கல்லீரல் உள்ளே இழுத்துக்கொள்ளும் வேலையை அந்தக் கொழுப்பு மந்தமாக்குகிறது. தினமும் அது எங்கிருந்து வருகிறது? முதலில் பால். ஆரஞ்சு பாக்கெட் நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதக் கொழுப்பு. நீல பாக்கெட்டில் 3 சதவீதம். காப்பி, தயிர், மோர் என்று ஒருவர் தினமும் அரை லிட்டர் உபயோகித்தால் ஒன்றில் 30 கிராம், மற்றதில் 15 கிராம். பால் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்றது. பாக்கெட்டின் நிறத்தை மாற்றினாலே தினம் 9, 10 கிராம் நிறைவுற்ற கொழுப்பு குறைகிறது. நாளைக்கு 1600 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு மொத்த வரம்பே 12 கிராம் அளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் எடை புரியும்.

அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. செக்கில் ஆட்டினாலும் அது மாறாது. பாமாயிலில் பாதி. நல்லெண்ணெயிலும் கடலெண்ணெயிலும் ஏழில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவுதான். இந்தக் கடைசி இரண்டையும் மாற்றி மாற்றி வாங்கலாம், ஆனால் அளவு முக்கியம்: ஒருவருக்கு நாளைக்கு 4 தேக்கரண்டி. இரண்டு பேர் உள்ள வீட்டில் மாதம் ஒன்றேகால் லிட்டருக்குள் முடிய வேண்டும். மாதம் மூன்று லிட்டர் வாங்கிக்கொண்டு "நாங்கள் நல்லெண்ணெய்தான் உபயோகிக்கிறோம்" என்பதில் பயன் இல்லை. பேக்கரி பஃப்ஸ், வனஸ்பதி, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பலகாரம் ஆகியவற்றை அடியோடு நிறுத்துங்கள்.

குறைப்பதோடு சேர்க்கவும் வேண்டும். கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும். அதை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை எடுத்துப் புதுப் பித்தம் செய்யும். மருந்துக்கடையில் கிடைக்கும் இசப்கோல் உமி நாளைக்கு 10 கிராம் வரை எடுத்தால் எல்.டி.எல். 7 சதவீதம் போலக் குறையும். முதல் வாரம் ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் முழு அளவு போட்டால் வயிறு உப்பி, இது ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவீர்கள். ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும், ஊறவிட்டால் கூழாகிவிடும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. பக்கவாதம், பார்க்கின்சன் போன்றவற்றால் விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைக்கும். சுவையூட்டாத ஓட்ஸ் 75 கிராமும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும். மசாலா ஓட்ஸ் பாக்கெட்டில் உப்பு அதிகம். அதோடு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையோ பயறோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ பாதாமோ, வெண்டைக்காய், கத்தரிக்காய்.

இத்தனையையும் ஒழுங்காகச் செய்தால் எல்.டி.எல். 10 முதல் 15 சதவீதம் குறையும். 162 என்பது 138 முதல் 146-க்குள் வரும். நடைப்பயிற்சி எல்.டி.எல்.லை அதிகம் அசைக்காது, ட்ரைகிளிசரைடைத்தான் நன்றாக இறக்கும். சோற்றின் அளவைக் குறைப்பதும், இனிப்பையும் மதுவையும் விடுவதும் அதைவிட வேகமாக இறக்கும். இங்கே பெரியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கொழுப்புக்குப் பயந்து பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கஞ்சியும் ரசமும் சாப்பிட்டு எடை குறைப்பவர்கள் இழப்பது தசையை. எழுபது வயதில் இழந்த தசை எளிதில் திரும்பாது. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு அதுவே வழிசெய்யும்.

பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை, மீன் எண்ணெய் மாத்திரைகள்? 2022-இல் அமெரிக்காவில் இவற்றோடு வேறு சில சப்ளிமெண்டுகளையும் சேர்த்து, ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் 5 மி.கி.யோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நான்கு வாரத்தில் அந்தச் சிறிய மாத்திரை எல்.டி.எல்.லை 38 சதவீதம் குறைத்தது. சப்ளிமெண்டுகள், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட ஒன்றும் சாதிக்கவில்லை. சமையலில் பூண்டும் மஞ்சளும் இருக்கட்டும். அவற்றை மாத்திரையாக வாங்கும் பணத்தில் பாதாம் வாங்குங்கள்.

இப்போது மருந்து. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1973-இல் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். இன்று நாம் போடும் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எல்.டி.எல்.லை ஏறக்குறைய 37 சதவீதமும், ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. 45 சதவீதமும் குறைக்கும். டோஸை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது, கூடுதலாக 6 சதவீதம்தான் கிடைக்கும். பக்கவிளைவு மட்டும் டோஸோடு ஏறும். அதனால்தான் வயதானவர்களுக்கு டோஸை உச்சத்துக்குக் கொண்டுபோவதைவிட, குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைக் குறைக்கும் எசெட்டிமைப் என்ற மாத்திரை 10 மி.கி.யைச் சேர்ப்பது நல்லது என்று சொல்கிறோம். கொரியாவில் நடந்து 2022-இல் வெளிவந்த ஆய்வில், ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி.யோடு எசெட்டிமைப் சேர்த்தவர்கள், 20 மி.கி. ரோசுவாஸ்டாட்டின் மட்டும் போட்டவர்களுக்கு எந்த வகையிலும் பின்தங்கவில்லை. ஒத்துக்கொள்ளாமல் மருந்தை நிறுத்தியவர்களும் குறைவு.

நம் 162-க்கு வருவோம். இவர் ஸ்டென்ட் வைத்தவர் என்று வையுங்கள். ரோசுவாஸ்டாட்டின் 10: எல்.டி.எல். 89. மிச்சமுள்ளதில் ஐந்தில் ஒரு பங்கை எசெட்டிமைப் எடுக்கும்: 71. சாப்பாட்டில் 12 சதவீதம்: 62, 63. இலக்கான 55 இன்னும் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. ஆனால் சாப்பாட்டை மட்டும் நம்பியிருந்தால் 142, 143-லேயே நின்றிருப்பார். மாத்திரையை மட்டும் நம்பி நெய்த்தோசையைத் தொடர்ந்திருந்தால் 70-க்கு மேல். எல்.டி.எல். 39 குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்து ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்பது லட்சக்கணக்கானோரை வைத்துப் பார்த்த கணக்கு.

இதே 162, அடைப்பும் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இல்லாத, புகைபிடிக்காத 66 வயது அம்மாவுக்கு இருந்தால்? மூன்று மாதம் சாப்பாட்டில் முயன்று, திரும்பப் பரிசோதித்துப் பார்க்கத் தாராளமாக இடமுண்டு. முடிவெடுக்கக் கடினமாக இருந்தால், இதய ரத்தக்குழாயில் படிந்த கால்சியத்தைக் காட்டும் ஸ்கேன் உதவும். 190-க்கு மேல் இருந்தால் காத்திருக்கக் கூடாது, அது பரம்பரையாக வருவதாக இருக்கலாம். 75 வயதுக்கு மேல், அடைப்பு வந்தவர்களுக்கு ஸ்டாட்டினின் பலன் உறுதியானது. அடைப்பே வராதவர்களுக்குப் புதிதாகத் தொடங்குவதற்கு அந்த வயதில் ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை என்று 28 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019-இல் வெளியான தொகுப்பு காட்டியது. அங்கே டாக்டரும் நீங்களும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

தசைவலி பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாத்திரையை நிறுத்துகிறவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் அது. பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்கு லண்டனில், மாதத்துக்கு ஒன்றாக ஆளுக்கு 12 புட்டிகள் கொடுத்தார்கள். நான்கில் ஸ்டாட்டின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கில் ஒன்றுமே இல்லை. ஸ்டாட்டின் மாதங்களில் தொந்தரவின் மதிப்பெண் 16.3, வெற்று மாத்திரை மாதங்களில் 15.4, ஒன்றும் சாப்பிடாத மாதங்களில் 8. வலி பொய்யில்லை, நிஜமாகவே வந்தது. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு, மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற எதிர்பார்ப்பிலேயே வந்தது. ஸ்டாட்டினால் வரும் வலி இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோளிலும் ஒன்றுபோல, தொடங்கிய சில வாரங்களில் வரும். ஒரு முழங்கால் மட்டும் வலித்தால் அது மூட்டு. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லி இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்தி, தசை பாதிப்பைக் காட்டும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையும் செய்து, வலி போன பிறகு ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. ஒன்றுவிட்டு ஒருநாள் என்று மறுபடி தொடங்கலாம். அதுவும் முடியாதவர்களுக்கு எசெட்டிமைப், பெம்பிடோயிக் அமிலம் என்ற மாத்திரைகள் உண்டு. பின்னது யூரிக் அமிலத்தை ஏற்றும், கவுட் (யூரிக் அமில மூட்டுவலி) உள்ளவர்கள் கவனம். இவற்றுக்கும் மேலே, ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் இன்க்ளிசிரான் ஊசி இருக்கிறது, விலைதான் தடை. பலவீனத்தோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் மட்டும் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சளிக்கோ தோல் பூஞ்சைக்கோ வேறு டாக்டரிடம் போகும்போது உங்கள் மாத்திரை அட்டைகளை எடுத்துப் போங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து இரண்டும் அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் அளவை ரத்தத்தில் பலமடங்கு ஏற்றிவிடும். அந்தக் கோர்ஸ் முடியும்வரை ஸ்டாட்டினை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். முடிந்ததும் மறக்காமல் தொடங்க வேண்டும். ரோசுவாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் வயிற்றெரிச்சலுக்கு அமிலத்தைத் தணிக்கும் ஜெல் குடித்தால் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சிறுநீரகம் பழுதுபட்டு ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியவர்களுக்கு ரோசுவாஸ்டாட்டின் டோஸ் 10-ஐத் தாண்டக் கூடாத நிலை வரலாம்.

மருந்து தொடங்கி அல்லது மாற்றி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல், ஆபரேஷன் ஆகியவற்றுக்குப் பிறகு உடனே எடுத்தால் எண் தாழ்வாகக் காட்டி ஏமாற்றும். ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று நிறுத்தினால், சில வாரங்களில் பழைய எண் திரும்பிவிடும். மருந்தே மாற்றாமல், எடையும் பசியும் குறைந்து, கொலஸ்ட்ரால் தானாக இறங்கினால் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குணமாகாத கொடிய நோயில் படுத்துவிட்ட பெரியவர்களுக்கு ஸ்டாட்டினை நிறுத்துவது பாதுகாப்பானது என்று 2015-இல் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது. அந்தக் கட்டத்தில் டாக்டர் நிறுத்தச் சொன்னால், பெற்றவரைக் கைவிடுகிறோமோ என்று பிள்ளைகள் கலங்க வேண்டாம்.