திங்கட்கிழமை வரும் இதழ்

வணக்கம் நேயர்களே.

திங்கட்கிழமை என்றாலே பலருக்கும் அலுப்பு. நான் அந்த நாளுக்காகக் காத்திருப்பவன். அன்றுதான் 'ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்' இதழ் வரும். 2000 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய ஆங்கில இணைய இதழ் அது. அறிவியல் புனைகதை, மாயக்கதை, அமானுஷ்யக் கதை, இவை எதிலும் அடங்காத விசித்திரக் கதை எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. கவிதையும் கட்டுரையும் நூல் மதிப்புரையும் வரும். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்.

இதைத் தொடங்கியவர் மேரி ஆன் மோகன்ராஜ். கொழும்பில் பிறந்து, இரண்டு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போன தமிழ்ப் பெண். 2003 வரை அவரே ஆசிரியராக இருந்தார். காகிதத்தில் அச்சானால்தான் கதை என்று பலரும் நினைத்திருந்த காலம் அது. அப்போதே இணையத்தை நம்பி, வாரம் தவறாமல் ஒரு இதழ் கொண்டுவரத் துணிந்திருக்கிறார். நம் பெண் ஒருவர் போட்ட அஸ்திவாரம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்கு இந்த இதழில் மிகவும் பிடித்தது அதன் பணக் கணக்கு. நம் சிறுபத்திரிகைகள் எப்படி நடந்தன என்று உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் கைக்காசைப் போடுவார், எழுதியவருக்கு ஒரு பிரதி வரும். என் முதல் கதைக்கும் அதுதான் சன்மானம். தபாலில் வந்த அந்தப் பிரதியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் எழுத்து என்பதும் உழைப்புதானே. ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸில் எழுதியவருக்குக் கட்டாயம் பணம் உண்டு; கதை என்றால் சொல்லுக்கு 10 அமெரிக்க சென்ட். நாலாயிரம் சொல்லில் ஒரு கதை எழுதினால் 400 டாலர். இதழை நடத்துகிறவர்களோ சம்பளம் வாங்குவதில்லை. பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள், தங்கள் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, வந்து குவியும் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வாசகர்களிடம் நன்கொடை கேட்கிறார்கள். ஐந்தும் பத்துமாக வரும் டாலர்கள் சேர்ந்துதான் கால் நூற்றாண்டாக இதழ் ஓடுகிறது. 2024இல் அதற்கு, அறிவியல் புனைகதைக்கும் மாயக்கதைக்கும் தரப்படும் பெரிய விருதான ஹ்யூகோ கிடைத்தபோது, எனக்கே கிடைத்ததுபோல இருந்தது.

கதை எழுதும் இளைஞர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். தங்களுக்கு அடிக்கடி வந்து அலுத்துப்போன கதைகளின் பட்டியல் ஒன்றை இந்த இதழ் வெளியிட்டிருக்கிறது. முதல் வகை இப்படி: ஒருவர் ஓரிடத்தில் இருக்கிறார். இன்னோர் இடத்துக்குப் போக ஆசைப்படுகிறார். நடக்கிறார், சேர்கிறார். வழியில் ஒரு தடையும் இல்லை, கதை முடிந்தது. அடுத்தது, எழுத வராமல் தவிக்கும் படைப்பாளியின் கதை. அப்புறம், வேற்றுக்கிரகத்துக்குப் போய், அந்த ஊர் விதிகளைச் சொல்லியும் கேட்காமல் மீறிவிட்டுத் தண்டனை வாங்குகிறவரின் கதை. பட்டியல் இப்படியே நீள்கிறது. எழுத வராமல் தவிப்பவரின் கதை என் இழுப்பறையிலும் ஒன்று கிடந்தது. இரண்டு நாள் மனசு சரியில்லை. பிறகு அந்த எழுத்தாளரை எடுத்துவிட்டு, பக்கத்து அறையில் இருந்த அவருடைய அம்மாவிடமிருந்து கதையைத் தொடங்கினேன். கதைக்கு உயிர் வந்தது.

இந்த இதழ் மெக்சிகோ, பாலஸ்தீனம் என்று சிறப்பிதழ்களும் போட்டிருக்கிறது. 2017இல் 'சமோவர்' என்று மொழிபெயர்ப்புகளுக்காகவே ஒரு காலாண்டிதழையும் தொடங்கினார்கள். ஆங்கில மொழிபெயர்ப்போடு மூலத்தையும் அதில் தருகிறார்கள். எனக்குப் புரியாத மொழியாக இருந்தாலும் மூலத்தைத் திறந்து, போனில் விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போவேன். பேச்சு எங்கே வருகிறது, பத்தி எங்கே முடிகிறது என்பது மட்டும் பிடிபடும். சில இடங்களில் ஒரே ஒரு வரி தனியாக நிற்கும். உடனே ஆங்கிலத்துக்குத் திரும்பி அந்த வரியைத் தேடுவேன்.

எந்த மொழிக் கதையானாலும் அவர்கள் வரவேற்கிறார்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு நன்றாக மொழிபெயர்க்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு தமிழ் விசித்திரக் கதையை எடுத்து, எழுதியவரிடம் அனுமதி வாங்கி, மொழிபெயர்த்து அனுப்புங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு திங்கட்கிழமை நம் எழுத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

நன்றி, வணக்கம்.