பிட்டுக்கு மண் சுமந்தவன்

பெரியோர்களே, தாய்மார்களே,

ஆவணி மூலத்தையொட்டி மதுரைப் புட்டுத்தோப்புப் பக்கம் பேச வருகிற எவரும் பிட்டு விற்ற கிழவி வந்தியின் கதையைத் தொடாமல் போக முடியாது. திருவிளையாடலில் 61ஆவது படலமான அந்தக் கதையை, வளர்ந்த பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் பெற்றோரின் கண்ணால் ஒருமுறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வைகைக் கரையில் வந்தியின் பங்கை அடைக்கப் பிட்டுக் கூலிக்கு இளைஞனாக வந்த சிவன் என்ன செய்தான்? வேலைக்கு முன்பே உதிர்ந்த பிட்டை வாங்கித் தின்றான், பாடினான், ஆடினான், படுத்து உறங்கினான். நம் வீட்டில் என்றால் உருப்படாதவன் என்றிருப்போம். பாண்டியனும் அப்படி எண்ணித்தான் பிரம்பை எடுத்தான். அந்த அடி அரசன் முதுகிலும் அரசி முதுகிலும் ஊரார் எல்லார் முதுகிலும் விழுந்தது என்கிறது புராணம்.

அந்த அடி எனக்குத் தெரியும். நாலு வயதிலேயே தேவாரம் சொன்ன என் மகன், ஒன்பதாம் வகுப்பில், வீட்டில் பூசிய திருநீற்றைத் தெருமுனையில் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் பள்ளி வேனில் ஏறியதைப் பார்த்து, அன்று மாலை கை நீட்டினேன். அவன் அழவில்லை. அவன் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவனோ ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. வேனில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்ததால் துடைத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பான்.

பத்து வயதுவரை மனப்பாடமாக ஏற்றியதைப் பதினைந்தில் ‘ஏன்’ என்று கேட்கத்தான் செய்வார்கள். இதே பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துச் சிறைப்பட்டவர் மாணிக்கவாசகர். சொல் கேளாதவர் கதையைச் சொல்லித்தான் பிள்ளைகளைச் சொல் கேட்கச் சொல்கிறோம்.

பிரம்படி விழும்வரை வந்தியின் பங்குக் கரை அடைபடாமலே கிடந்தது. ஆனாலும் கொடுத்த பிட்டுக்கு அவள் கணக்குக் கேட்டதாகக் கதையில் இல்லை. என் தாயாரும் அந்த ஆறு மாதமும், பேரன் எத்தனை மணிக்கு வந்தாலும், தட்டில் தோசையை மூடிவைத்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் அப்போது சமயம் என்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பிள்ளை நாள்கணக்கில் உறங்காமல், உண்ணாமல், தன் உடம்பையே கீறிக்கொள்ளும் நிலை வந்தால் மட்டும் பரிகாரத்தை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். திருநீறு பூசிவிட்டே அழைத்துச் செல்லுங்கள், மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்று என்னை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டவன் என் மகன்தான். உள்ளே வரவில்லை, எதிர் டீக்கடையில் நிற்கிறான், நானும் அழைக்கவில்லை. எனக்குக் கொடுத்த பிட்டில் பாதியை இலையில் மடித்து வைத்திருக்கிறேன்.