தலைநகருக்கும் சாலை இல்லை

நேயர்களுக்கு வணக்கம். அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவுக்குக் காரில் போக முடியாது. கப்பல் இல்லாவிட்டால் விமானம். தலைநகருக்கே இந்தக் கதி என்றால் மற்ற ஊர்களைக் கேட்பானேன்! பரப்பளவு 17 லட்சம் சதுர கிலோமீட்டர், அமெரிக்காவிலேயே பெரிய மாநிலம். மக்களோ ஏழு லட்சத்துச் சொச்சம்தான்.

1867-இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். வீண்செலவு என்று சிலர் கேலி செய்தார்கள். அப்புறம் தங்கமும் எண்ணெயும் கிடைத்தன, கேலி நின்றது. 1959-இல்தான் மாநிலமானது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே வாழும் யூப்பிக், இனுப்பியாக் மக்களை, விற்றவர்களும் வாங்கியவர்களும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, இப்படிப்பட்ட இடத்தில் நோய் வந்தால்? 1925 ஜனவரியில் நோம் என்ற கடலோர ஊரில் தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா, பரவியது. கடல் உறைந்துகிடந்தது. ரயிலோ நெனானா வரைதான். அங்கிருந்து சுமார் 1,085 கிலோமீட்டர் தூரத்தை 20 பேர் நாய்வண்டிகளில் கைமாற்றி, ஐந்தரை நாளில் மருந்தைச் சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தில் ஓடிவந்த பால்டோ என்ற நாய்க்கு நியூயார்க்கில் சிலை வைத்தார்கள். மிக நீண்ட தூரம் ஓடியதென்னவோ டோகோ என்ற நாய். ஊர் பார்க்க வந்து நின்றவருக்குத்தானே மாலை!

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது, 1950-களில் காசநோய்க் காலத்தில் தொடங்கிய ஓர் ஏற்பாடு. மாத்திரை கொடுக்க ஊருக்கு ஒருவரைப் பிடித்தார்கள். 1968-இல் அது அரசு நிதியோடு முறையான திட்டமானது. சுகாதார உதவியாளர் என்று பெயர். பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்தான். நான்கு கட்டப் பயிற்சி, கையில் ஒரு கையேடு. என்ன கேட்கவேண்டும், எங்கே தொட்டுப் பார்க்கவேண்டும், எப்போது டாக்டரை அழைக்கவேண்டும் எல்லாம் அதில் இருக்கும். சிரமம் என்னவென்றால், வரும் நோயாளி சொந்த அத்தையாகவோ மகனாகவோ இருப்பார்.

வானொலியில் பேசிக்கொண்டு இதைச் சொல்லாமல் விடலாமா? தொலைபேசி இல்லாத அந்தக் காலத்தில், தூரத்து மருத்துவமனை டாக்டர் சிற்றலை வானொலியில்தான் கிராமங்களோடு பேசினார். பெட்டி வைத்திருந்த எவரும் கேட்கலாம். யாருக்கு வயிற்றுப்போக்கு என்பது பக்கத்து ஊருக்கும் தெரிந்துவிடும்.

இப்போது நோயாளியின் காதுக்குள் படமெடுத்தே டாக்டருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிரசவத்துக்கு அந்த வசதி போதாதே. பெத்தல் என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமத்துக் கர்ப்பிணிகள், நாள் நெருங்குவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே விமானமேறி வந்து, அங்கே தாய்மார் விடுதியில் தங்கிக் காத்திருக்கிறார்கள். அதற்கும் முந்திக்கொண்டு வலி வந்து, பனிமூட்டத்தில் விமானமும் இறங்காவிட்டால், கையேட்டோடு ஓடிவருவது அந்த உதவியாளர்தான்.