தூக்க முடியாதவரைத் தூக்கிய கதை

[திரையில்: செந்தூல், இரவு. மாமாக் கடை மேசை, இரண்டு தே தாரிக் டீ.]

வணக்கம். இந்த வீடியோ ஒரு வாக்குவாதத்தில் தொடங்கியது. கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் வழக்கமாக உட்காரும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசை அங்கிள் ஒருவர் கேட்டார்: "தம்பி, ஆந்திரேன்னு ஒரு ராட்சச மனுசன் இருந்தானே, அவனை ஹல்க் ஹோகன் தூக்கிப் போட்டது நெசமா, நடிப்பா?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் இரவு இரண்டு மணி வரை தேடினேன்.

[திரையில்: அரிசி மூட்டைகள்.]

முதலில் ஆளைப் பார்ப்போம். ஆந்திரே தி ஜயண்ட், ஹோகனைப் போலவே தொழில்முறைக் குஸ்தி வீரர். மேடையில் அவரை அறிவிக்கும்போது 7 அடி 4 அங்குலம், 520 பவுண்டு என்பார்கள். அதாவது 236 கிலோ. நாம் கடையில் வாங்கும் 10 கிலோ அரிசி மூட்டை 23-ஐ அடுக்கினாலும் கொஞ்சம் குறையும். குஸ்தி விளம்பரத்தில் உயரத்தைக் கூட்டிச் சொல்வது புதிதல்ல. சரி, இரண்டு மூன்று அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். அப்படியும் நம் பிளாட் வாசலில் அவர் குனியாமல் நுழைய முடியாது.

இயற்பெயர் ஆந்திரே ரெனே ரூசிமோஃப். 1946 மே 19-இல் பிரான்ஸில், கூலோமியே என்ற ஊரில் பிறந்தார். அப்பா பல்கேரியர், அம்மா போலந்துக்காரர். விவசாயக் குடும்பம். பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டு, பிறகு பாரிஸ் போய் குஸ்தி கற்றுக்கொண்டார்.

அவர் அப்படி வளர்ந்ததற்குக் காரணம் ஒரு நோய். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் கட்டி வந்தால் வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும். சிறு வயதில் வந்தால் எலும்பு நீண்டுகொண்டே போகும். வயது வந்த பிறகும் அந்தச் சுரப்பு நிற்காது. தாடை, கை, கால் பாதம் எல்லாம் தடிக்கும், உள்ளே இதயமும் பெருக்கும். இன்று அறுவை சிகிச்சை இருக்கிறது, மருந்து இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்தியக் குஸ்தி வீரர் தி கிரேட் காளிக்கு 2012-இல் அந்தக் கட்டியை எடுத்தார்கள். ஆந்திரே அதை எடுத்துக்கொள்ளவே இல்லை.

[திரையில்: உலக வரைபடம். பாரிஸ், டோக்கியோ, மொன்ட்ரியால், நியூயார்க்.]

1970-இல் ஜப்பான், அடுத்த ஆண்டு கனடாவின் மொன்ட்ரியால். அங்கேதான் ஒரு சிக்கல். முதலில் கூட்டம் அலைமோதியது. போகப் போக, இவரோடு மோத நம்பும்படியான ஆள் கிடைக்கவில்லை. பார்த்த ஆளையே எத்தனை வாரம் காசு கொடுத்துப் பார்ப்பது? வசூல் படுத்துவிட்டது.

1973-இல் நியூயார்க்கில் குஸ்திப் போட்டிகளை நடத்திய வின்ஸ் மெக்மஹன், அதாவது பெரியவர், டிவியில் நாம் பார்த்தவரின் அப்பா, இதற்கு வழி கண்டார். ஒன்று, ஆந்திரேயை ஒரே ஊரில் வைக்காதே, ஊர் ஊராக அனுப்பு. திருவிழா யானை மாதிரி, வருடத்துக்கு ஓரிரு முறை வந்தால்தான் மதிப்பு. இரண்டு, துள்ளிக் குதித்து உதைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், மலை மாதிரி நில். ஆந்திரே இளமையில் அந்த உடம்போடு பறந்து உதைத்தவர்! அதை நிறுத்திவிட்டு மெதுவாக நடக்கச் சொன்னார்கள். என்னைக் கேட்டால், அவருக்குக் கிடைத்த முதல் நடிப்புப் பாடம் இதுதான்.

அப்புறம் திரை வந்தது. 1976-இல் 'சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்' தொடரில் உடம்பெல்லாம் ரோமம் மூடிய பிக்ஃபுட். 1984-இல் இரண்டாவது 'கோனன்' படத்தில் ஓர் அசுரன், பெயர்கூடப் போடவில்லை. இரண்டிலும் முகம் தெரியாது. உடம்பை மட்டும் வாடகைக்கு எடுத்த மாதிரி.

ஆந்திரேயின் முகத்தைக் காட்டியவர் இயக்குநர் ராப் ரைனர். 'தி பிரின்சஸ் பிரைட்' படத்தில் ஃபெஸ்ஸிக், நல்ல மனசுள்ள ராட்சசன். 1986-இல் இங்கிலாந்தில் படப்பிடிப்பு. ஆந்திரேயின் ஆங்கிலம் புரிவது கஷ்டம், அதனால் வசனம் முழுவதையும் ரைனர் டேப்பில் பதிந்து கொடுத்தார். இவர் அதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார்.

இதற்குள் முதுகு போய்விட்டிருந்தது. அறுவை சிகிச்சை வரை போயிற்று. படத்தில் கதாநாயகி ஜன்னலிலிருந்து குதிக்க, ஃபெஸ்ஸிக் கையில் ஏந்துவார். பூ விழுந்த மாதிரி இருக்கும். உண்மையில் கதாநாயகியாக நடித்த ராபின் ரைட்டைக் கம்பி கட்டித்தான் இறக்கினார்கள். ஓர் இளம்பெண்ணின் எடையைத் தாங்கக்கூட அந்த முதுகில் தெம்பு இல்லை. ஆனால் படப்பிடிப்பில் குளிர் தாங்காமல் ராபின் நடுங்கியபோது, ஆந்திரே தன் உள்ளங்கையைத் தொப்பி மாதிரி அவர் தலைமேல் வைத்துக்கொள்வாராம். தலை முழுக்க மூடிவிடும் கை!

[திரையில்: 1987 மார்ச் 29. அமெரிக்காவின் பான்டியாக் சில்வர்டோம் ஸ்டேடியம்.]

இப்போது அங்கிளின் கேள்விக்கு வருவோம். மூன்றாவது ரெஸில்மேனியா, அமெரிக்காவின் பெரிய குஸ்தித் திருவிழா. கூட்டம் 93,173 பேர் என்று அறிவித்தார்கள், அந்த எண்ணிக்கையை நம்பாதவர்களும் உண்டு. பதினைந்து வருடமாகத் தோற்காதவர், யாரும் தூக்காதவர் என்று விளம்பரம். இரண்டுமே பொய். முந்தின வருடம்தான் ஜப்பானில் அந்தோனியோ இனோகியிடம் தோற்றிருந்தார். ஹோகனே 1980-இல் நியூயார்க்கின் ஷேய் ஸ்டேடியத்தில் அவரைத் தூக்கிப் போட்டிருக்கிறார். இன்டர்நெட் இல்லாத காலம், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

ஆட்டத்தின் தொடக்கத்தில் ஹோகன் தூக்கப் பார்த்து, பாரம் தாங்காமல் அடியில் சிக்கிக்கொள்வார். கடைசியில்தான் அந்த ஸ்லாம், அதாவது தூக்கிப் போடுவது. ஆந்திரேயின் உடைக்குள் முதுகுக்கு பிரேஸ் கட்டியிருந்தது. 200 கிலோவுக்கு மேல் இருக்கிற ஆளை, அவர் ஒத்துழைக்காமல் யாராலும் அப்படித் தூக்கிப் புரட்ட முடியாது. வலிக்கிற முதுகோடு தன்னைத் தூக்கக் கொடுத்து, அந்த முதுகிலேயே விழுந்தார். தோற்பது முன்பே பேசி வைத்தது. ஆனால் விழுந்த வலிக்கு யாரும் வசனம் எழுதவில்லை. அதே வருடம் அந்தப் படமும் வெளிவந்தது. எல்லாரும் ஃபெஸ்ஸிக்கைத்தான் புகழ்கிறார்கள். என் கணக்கில் அவருடைய பெரிய நடிப்பு சில்வர்டோமில்தான்.

அதன் பிறகும் ஐந்து வருடத்துக்கு மேல், 1992 கடைசி வரை, மேடையில் இருந்தார். பல ஆட்டங்களில் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். 1993 ஜனவரியில் அப்பாவின் இறுதிச் சடங்குக்காகப் பிரான்ஸ் போனவர், 28-ஆம் தேதி பாரிஸ் ஹோட்டல் அறையில் தூக்கத்திலேயே இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது. வயது 46. அமெரிக்காவில் நார்த் கரோலினாவில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது, அஸ்தியை அங்கே தூவினார்கள்.

[திரையில்: மீண்டும் மாமாக் கடை.]

இதையெல்லாம் அங்கிளிடம் சொல்லி, போனைப் பால் டின் மேல் சாய்த்து வைத்து ஸ்லாமை நான்கு தடவை போட்டுக் காட்டினேன். பேசாமல் பார்த்தார். தே தாரிக் ஆறிப்போனது. அப்புறம், "அதே வருசம்தானே நம்ம தாரா சிங் டிவி ராமாயணத்துல அனுமாரா வந்தாரு?" என்றார். ஆமாம், அதே 1987. நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். அந்தக் காலத்தில் சிங்கப்பூர், மலாயா மேடைகளில் குஸ்தி வீரர்கள் தாரா சிங்கும் கிங் காங்கும் மோதிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அல்லவா?

"சரி, வெள்ளைக்காரன் கதை முடிஞ்சுது. கிங் காங் வீடியோ எப்போ போடுவே?"

போடுகிறேன் அங்கிள். அடுத்த மாதம்.