கேட்டது ஒரு துறைமுகம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கா 1803இல் லூசியானா என்ற பெரும் நிலப்பரப்பைப் பிரான்சிடமிருந்து வாங்கிய கதை இது.

1800 வாக்கில் கென்டக்கிப் பக்கம் பயிர் செய்துகொண்டிருந்த ஓர் அமெரிக்க விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். விற்பதற்கு மாவும் புகையிலையும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் வைத்திருக்கிறார். கிழக்குக் கரையில் சந்தை உண்டு. நடுவே அப்பலாச்சிய மலை. வண்டிக்கூலியிலேயே லாபம் போய்விடும். அதனால் அடி தட்டையான மரப்படகு ஒன்றைக் கட்டி, சரக்கை ஏற்றி, ஆற்றோட்டத்தில் விடுவார். மிசிசிப்பி அதை நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தப் படகு ஓட்டத்தை எதிர்த்துத் திரும்பாது. அங்கேயே பிரித்துப் பலகையாக விற்றுவிட்டு, மனிதர் காட்டுப்பாதையில் நடந்தே வீடு வருவார்.

சிக்கல் என்னவென்றால், நியூ ஆர்லியன்ஸ் ஸ்பெயினின் கையில் இருந்தது. சரக்கைக் கப்பலுக்கு மாற்றும்வரை அங்கே இறக்கிவைக்க 1795 உடன்படிக்கை இடம் கொடுத்திருந்தது. 1802 அக்டோபரில் அங்கிருந்த ஸ்பானிய அதிகாரி அதை நிறுத்திவிட்டார். போதாக்குறைக்கு, நியூ ஆர்லியன்ஸும் அடங்கிய லூசியானாவையே ஸ்பெயின் ரகசியமாகப் பிரான்சின் நெப்போலியனுக்குக் கொடுத்துவிட்ட சங்கதியும் அதற்கு முன்பே வெளியே வந்திருந்தது. மேற்கத்திய விவசாயிகள் கொதித்துப்போனார்கள். படை அனுப்பிப் பிடித்துவிடலாம் என்றுகூடச் சிலர் பேசினார்கள். அதிபர் ஜெபர்சனோ ஜேம்ஸ் மன்றோவைச் சிறப்புத் தூதராகப் பாரிஸுக்கு அனுப்பினார். நியூ ஆர்லியன்ஸையும் பக்கத்து ஃபுளோரிடாவையும் விலை பேச வேண்டும், அவ்வளவுதான் வேலை.

மன்றோ போய்ச் சேர்வதற்கு முதல் நாள், 1803 ஏப்ரல் 11 அன்று, பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தாலிராண் அமெரிக்கத் தூதர் லிவிங்ஸ்டனிடம் கேட்டார்: லூசியானா முழுவதற்கும் என்ன தருவீர்கள்? லிவிங்ஸ்டனுக்குக் காது மந்தம். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அவர் நினைத்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நெப்போலியன் ஏன் விற்றார்? இங்கிலாந்தோடு மறுபடி போர் வரப்போகிறது, பணம் வேண்டும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் கரீபியக் கடலில் இருந்தது. இன்று ஹைட்டி என்று சொல்கிறோமே, அந்த செயின்ட் டொமிங்கோ. பிரான்சுக்குக் கரும்பும் காப்பியும் கொட்டிக்கொடுத்த தீவு. லூசியானாவை அதற்குத் தானியம் அனுப்பும் களஞ்சியமாக்குவது அவர் திட்டம். அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்து, துசைன் லூவர்த்தூர் தலைமையில் தீவைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதை மீட்கத் தன் தங்கை கணவர் லெக்லேரைப் பெரும்படையோடு அனுப்பினார் நெப்போலியன். கிளர்ச்சிக்காரர்களும் மஞ்சள் காய்ச்சலுமாகச் சேர்ந்து அந்தப் படையைத் தின்றுதீர்த்தார்கள். லெக்லேரும் காய்ச்சலில் போனார். தீவே இல்லையென்றால் களஞ்சியம் எதற்கு?

பேரம் 1.5 கோடி டாலருக்கு முடிந்தது. சுமார் 21 லட்சம் சதுர கிலோமீட்டர். நாடு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. எல்லை எது என்று கேட்டதற்குத் தாலிராண் சரியாகப் பதில் சொல்லவில்லை. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த ஒசேஜ், சூ முதலான பூர்வகுடி மக்களை இரு தரப்பும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பணத்துக்கு ஏற்பாடு செய்தவர்களில் லண்டனின் பேரிங் வங்கியும் ஒன்று. இங்கிலாந்தோடு சண்டை போடும் நெப்போலியனுக்கு இங்கிலாந்து வங்கி வழியாகவே காசு! நிலம் வாங்க அரசியல் சட்டத்தில் இடமில்லையே என்று ஜெபர்சனுக்குத் தயக்கம், திருத்தம்கூட எழுதிப்பார்த்தார். அப்புறம் அதை ஓரமாக வைத்துவிட்டார். 1803 அக்டோபரில் செனட் 24க்கு 7 என்று ஒப்புதல் தந்தது.

சரி, இந்த அதிர்ஷ்டத்துக்கு வழிவிட்ட ஹைட்டிக்கு என்ன கிடைத்தது? துசைனைப் பேச்சுவார்த்தைக்கென்று அழைத்துச் சிறைப்பிடித்து பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். தாலிராண் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு நான்கு நாள் முன்பு, ஏப்ரல் 7 அன்று, குளிர்மிக்க மலைக்கோட்டைச் சிறையில் அவர் இறந்தார். 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி விடுதலையை அறிவித்தது. அடிமைகளை வைத்திருந்த ஜெபர்சனுக்கும் அவருடைய தென்மாநிலத்தாருக்கும் அந்த முன்னுதாரணமே கிலி. 1806இல் அமெரிக்கா அந்நாட்டோடு வணிகத்துக்குத் தடை போட்டது. தனி நாடாக அங்கீகரித்தது லிங்கன் காலத்தில், 1862இல்.