எஃப்9 எங்கே போகிறது?

வணக்கம் நேயர்களே. ஒரு கேமை வருடக்கணக்கில் ஆடியவர் கீபோர்டைப் பார்ப்பதே இல்லை. பெரிய சண்டைக்கு முன் மேல் வரிசையில் இருக்கும் எஃப்5-ஐத் தட்டி சேவ் செய்வார், தோற்றால் எஃப்9-ஐத் தட்டி அதே இடத்துக்குத் திரும்புவார். பல கேம்களில் இதுதான் வழக்கம். எனக்கும் விரலே பழகியிருந்தது. கணினியை மாற்றிய முதல் வாரம், எஃப்5-ஐத் தட்டிவிட்டுச் சண்டைக்குள் போனேன். தோற்றதும் எஃப்9. கேம் அசையவில்லை, பின்னணியில் ஓடிய பாட்டுதான் அடுத்ததற்குத் தாவியது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். கீயின் நடுவில் பெரிதாக இரண்டு அம்புக்குறி, மூலையில் பொடி எழுத்தில் எஃப்9. எஃப்5-உம் அப்படித்தான், சேவே ஆகவில்லை; முக்கால் மணி நேர ஆட்டம் போயிற்று. மனசு ஆறவே இல்லை.

இப்படி ஆனால் கேம் கெட்டுவிட்டது என்று அதை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள். நீங்கள் தட்டிய எஃப்9 கேமிடம் போய்ச் சேரவே இல்லை. வழியில் எது பிடித்துக்கொண்டது என்று பார்க்க வேண்டும். Fn என்று எழுதியிருக்கும் எஃப்என் கீயைப் பிடித்தபடி எஃப்9-ஐத் தட்டுங்கள். வேலை செய்தால், அந்த வரிசைக் கீகளுக்குச் சத்தம், வெளிச்சம், பாட்டு இவைதான் முதல் வேலை என்று வைத்திருக்கிறார்கள். அதை மாற்றினால் போதும்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, கீபோர்டு ஷார்ட்கட்ஸ், அதற்குள் ஃபங்ஷன் கீஸ் என்று போனால் ஒரு சுவிட்ச் இருக்கும். போட்டுவிட்டால் எஃப்1 முதல் எஃப்12 வரை நேராகக் கேமுக்கு வரும். சத்தத்தைக் கூட்டக் குறைக்கத்தான் எஃப்என் வேண்டும். எஃப்11 மட்டும் அப்போதும் முரண்டு பிடிக்கலாம். டெஸ்க்டாப்பைக் காட்டும் வேலையை மேக் அதற்குக் கொடுத்திருக்கிறது. அதே ஷார்ட்கட்ஸ் பட்டியலில் மிஷன் கண்ட்ரோல் பகுதிக்குப் போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் லேப்டாப்பில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் எஃப்என் வேலையைக் கீபோர்டே உள்ளுக்குள் முடித்துவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காமல் போவது அதனால்தான். எஸ்கேப் கீயில் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் எஃப்என்னோடு சேர்த்து ஒரு தட்டு தட்டுங்கள். இல்லையென்றால் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் கணினியின் அடிப்படை செட்டிங்ஸில், பாருங்கள்.

லினக்ஸில் ஆப்பிள் கீபோர்டை மாட்டியிருந்தால், அந்தக் கீபோர்டைக் கையாளும் எச்ஐடி ஆப்பிள் (hid_apple) மாட்யூலில் எஃப்என்மோட் (fnmode) என்ற மதிப்பை 2 ஆக்க வேண்டும். இன்னொன்று: கன்ட்ரோல், ஆல்ட்டோடு எஃப்3 சேர்ந்தால் லினக்ஸ் எழுத்து மட்டும் உள்ள கறுப்புத் திரைக்குப் போய்விடும். பதற வேண்டாம், கேம் பின்னால் அப்படியே இருக்கும். அதே கன்ட்ரோல், ஆல்ட்டைப் பிடித்தபடி எஃப்1, எஃப்2, எஃப்7 என்று மாற்றித் தட்டினால் ஏதோ ஒன்றில் திரும்பிவிடலாம்.

இந்தக் கீகள் ஓரிடத்தில் நிலையாக இருந்ததும் இல்லை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் பத்தே ஃபங்ஷன் கீகள், அதுவும் இடது ஓரத்தில் இரண்டு வரிசையாக.

சிஸ்டத்தைத் தொட மனமில்லையா? கேமின் கன்ட்ரோல்ஸ் பக்கத்திலேயே சேவுக்கு வேறு கீ கொடுங்கள். எனக்கு அதுதான் பிடித்த வழி. மற்ற வேலைகள் எதுவும் குலையாது. கேம் அதற்கு இடம் தராவிட்டால் மேக்கில் கீகளின் வேலையை மாற்றித் தரும் கராபைனர் எலிமென்ட்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது; அந்தக் கேம் முன்னால் இருக்கும்போது மட்டும் கீ மாறும்படி அமைக்கலாம். ஆன்லைன் கேம் என்றால் ஒரு கீக்கு ஒரு கீ என்ற அளவோடு நிறுத்துங்கள். ஒரே தட்டில் பத்து வேலை நடக்கும் மேக்ரோவைப் பல கேம்கள் அனுமதிப்பதில்லை.

மாற்றி முடித்ததும் நேராகச் சண்டைக்குப் போகாதீர்கள். எஃப்5-ஐத் தட்டி, சேவ் பட்டியலைத் திறந்து, கடைசியாகச் செய்த சேவில் இந்த நிமிடத்தின் நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே போங்கள்.